வெட்டுப்பலகை ஏன் வெடிக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: "முதலில் வாங்கிய மூங்கில் பலகை ஒட்டு விட்டுப் பிளந்துபோனது. அடுத்து வாங்கிய ஒற்றை மரப்பலகை ஆறே மாதத்தில் வளைந்து, கிரானைட் மேடையில் வைத்தால் ஆடுகிறது. தினமும் இரண்டு வேளை காய் நறுக்கும் வீடு. பத்து வருடம் உழைக்கிற மாதிரி ஒன்று வாங்க வேண்டும். தேக்கா, வேம்பா, புளியா, அகேசியாவா?"

மரத்தின் பெயரை மூன்றாவதாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் தெரியவேண்டியவை இரண்டு: பலகையை மரத்திலிருந்து எந்தப் பக்கமாக அறுத்திருக்கிறார்கள், உங்கள் வீட்டில் அது எப்படி நனைந்து எப்படிக் காய்கிறது. கத்தி போட்ட கோட்டால் செத்த பலகையைப் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலானவை தண்ணீரால்தான் போகின்றன.

மரம் ஈரத்தை வாங்கினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அறுத்து எத்தனை வருடம் ஆனாலும் இது நிற்காது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம் சுருங்கும். ஆண்டு வளையத்தைச் சுற்றிய திசையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். பச்சை மரம் முழுக்க உலர்ந்தால் தேக்கு மையம்-பட்டைத் திசையில் சுமார் 2.6 சதவீதமும் வளையத் திசையில் சுமார் 5.3 சதவீதமும் சுருங்கும். ஐரோப்பிய பீச் மரத்துக்கு இதே கணக்கு 6, 12 சதவீதத்தை ஒட்டி வரும்.

இதைச் சமையலறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 30 செ.மீ. அகலமுள்ள ஒற்றைப் பலகை. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே அதன் ஈரப்பதம் 4 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளையத் திசையில் அறுத்த தேக்கு சுமார் 2 மி.மீ. அசையும். பீச் 5 மி.மீ. வரை அசையும். தேக்கின் பெருமை கடினத்தில் இல்லை, இந்தக் குறைந்த அசைவில் இருக்கிறது. கப்பல் தளத்துக்கு அதைத் தேடிப்போனதற்கும் இது ஒரு காரணம்.

இனி வளைவுக்கு வருவோம். பலகையைக் கழுவிவிட்டு மேடையில் படுக்கவைத்தால் மேல்பக்கம் காற்றில் காய்ந்துவிடும். அடிப்பக்கம் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அடி உப்பி, மேல் சுருங்கினால் ஓரங்கள் மேலே எழும்பி, பலகை ஆழமில்லாத தட்டு மாதிரி குழியும். உங்கள் பலகை ஆடுவது அநேகமாக இதனால்தான். மரம் மட்டமானது என்று அர்த்தமில்லை.

கடையில் பலகையைக் கையில் எடுத்ததும் மேல்முகத்தின் அழகைப் பார்க்காமல் முனையைத் திருப்புங்கள். மரத்தின் நார் வந்து முடிகிற அந்தக் குறுகிய முகத்தில் வளையக் கோடுகள் தெரியும். அவை சிரித்த வாய் மாதிரி வளைந்து படுத்திருந்தால் பலகை வளைய வாய்ப்பு அதிகம். செங்குத்தாக, சீப்பின் பற்கள் மாதிரி நின்றால் அதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அகலவாக்கில் பாதிதான் அசையும். வளையங்கள் சுழித்து ஒரு புள்ளியில் முடிந்தால் அது மரத்தின் நடுநெஞ்சு. அந்தப் புள்ளி பலகைக்குள் இருந்தால், எந்த மரமானாலும், என்ன விலையானாலும் வாங்காதீர்கள். என்றாவது ஒருநாள் அங்கிருந்து வெடிக்கும்.

சந்தையில் வட்டமாக விற்கிற புளியங்கட்டை வில்லைகளுக்கும் இதே நோய்தான். முழு மரத்தைக் குறுக்கே அறுத்த வில்லை என்பதால் நடுநெஞ்சு உள்ளேயே இருக்கிறது. சுற்றளவு வேகமாகச் சுருங்கும், ஆரம் அவ்வளவு சுருங்காது. அந்த இழுபறி தாங்காமல் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி ஆப்பு வடிவத்தில் ஒரு வெடிப்பு விடும். "கறிக்கடையில் அதே புளியங்கட்டைதானே வருஷக்கணக்கில் கிடக்கிறது?" என்று கேட்கலாம். கறிக்கடைக் கட்டை ஒரு அடிக்குக் குறையாத உயரம். நாள் முழுக்க ஈரமும் கொழுப்பும் ஊறிக்கொண்டே இருப்பதால் அது முழுதாகக் காய்வதே இல்லை. பல கடைகளில் சுற்றி இரும்புப் பட்டையும் அடித்திருப்பார்கள். நம் வீட்டில் 4 செ.மீ. தடிமனுள்ள வில்லை இரவெல்லாம் மின்விசிறிக் காற்றில் காய்கிறது. எலும்போடு கறி வெட்டும் வீட்டுக்குப் புளியைவிட நல்ல மரம் இல்லை. ஆனால் 8, 10 செ.மீ. உயரமாவது இருக்கட்டும், ஓரத்தில் இரும்பு வளையம் இருக்கட்டும், எண்ணெய் விடாமல் போடுங்கள். காய் நறுக்க மட்டும் என்றால் புளியங்கட்டைக்காக அலைய வேண்டாம்.

இப்போது விற்பனையில் இருப்பவற்றை அமைப்பை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, ஒரே மரத்துண்டில் இழைத்த ஒற்றைப் பலகை. அழகாக இருக்கும், 20 செ.மீ. அகலம் வரை பரவாயில்லை, அதைத் தாண்டினால் வளைவு பற்றிய கவலை கூடவே வரும்.

இரண்டாவது, 3 முதல் 5 செ.மீ. அகலப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்தது. ஒரு பட்டை ஒரு பக்கம் வளைய நினைத்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் இழுக்கும். மொத்தத்தில் பலகை நேராக நிற்கும். "ஒட்டுப்போட்டதா" என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. தினசரிச் சமையலுக்கு என் தேர்வு இதுதான்.

மூன்றாவது, இணையக் கடைகளில் 'எண்ட் கிரெய்ன்' என்று போட்டு, சதுரங்கக் கட்டம் மாதிரி இருக்கும் பலகை. இதில் மரத்தின் குறுக்குவெட்டு முகம் மேலே வரும். நார்கள் ஒரு தூரிகையின் மயிர்போல் நிமிர்ந்து நிற்பதால், கத்தி அவற்றை அறுக்காமல் இடையில் இறங்கி வெளியே வரும். கத்தியின் கூர் நீண்ட நாள் தாங்கும், கோடும் அதிகம் விழாது. ஆனால் மரம் தண்ணீரை உறிஞ்சுவதே அந்த நார்க்குழாய்களின் வாய் வழியாகத்தான். எண்ணெய் போட மறக்கிற வீட்டில் இது முதலில் வெடிக்கும். தடிமன் 4 செ.மீ. இல்லாவிட்டால் எடுக்காதீர்கள்.

கட்டங்களைச் சுற்றி நான்கு பக்கமும் மரச்சட்டம் ஒட்டி, படத்துக்கு பிரேம் போட்டது மாதிரி செய்த பலகைகளும் கிடைக்கின்றன. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் மரம் இரண்டு திசையிலும் உப்பும், சட்டமோ நீளவாக்கில் அசையாது. முதல் மழைக்காலத்தில் சட்டத்தின் மூலை பிரியும், இல்லையென்றால் கோடையில் கட்டம் விரிசல் விடும். அதைத் தொடவே வேண்டாம்.

மூங்கில் மரமே இல்லை, புல். மெல்லிய கீற்றுகளை ஒட்டித்தான் பலகை ஆகிறது. அதனால் ஒரு மூங்கில் பலகையில் இருக்கிற ஒட்டுக்கோடுகளின் எண்ணிக்கை மரப்பலகையைப்போலப் பல மடங்கு. தண்ணீர் ஒரு கோட்டுக்குள் நுழைந்தால் கீற்று கீற்றாகப் பிரியும். உங்களுடையது அப்படித்தான் போயிருக்கும். மூங்கிலில் சிலிக்காவும் அதிகம், கத்தி சீக்கிரம் மழுங்கும். ரொட்டி, பழம் வெட்ட வைத்துக்கொள்ளலாம்.

இனி மரத்தின் பெயர். ஜாங்கா என்றொரு கடின அளவு உண்டு: 11.28 மி.மீ. எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதி அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்ற கணக்கு. ஏறக்குறைய 900 முதல் 1,500 வரை உள்ள மரம் வெட்டுப்பலகைக்குத் தோது. அதற்குக் கீழே போனால் கத்தி உழுதுவிடும், மிகவும் மேலே போனால் கத்தியின் கூர் போகும். தேக்கும் மாமரமும் 1,000-த்தைச் சுற்றி, வெளிநாட்டு சுகர் மேப்பிள் 1,450.

தேக்கு தண்ணீருக்கு அசராது. அதன் இயற்கை எண்ணெய்ப் பசையே பாதி காவல். ஒரே குறை, அதிலும் நுண்ணிய சிலிக்கா உண்டு. உயர்ந்த ஜப்பானியக் கத்தி வைத்திருப்பவர்கள் அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருக்கும். நம் வீட்டுச் சாதாரண ஸ்டீல் கத்திக்கு அது பெரிய விஷயமில்லை. மாமரம் விலை குறைவு, வேலைக்கும் ஆகும். ஆனால் வைரம் பாயாத வெளிர் பகுதியை வண்டு துளைக்கும்; ஊசித் துளையும் அதனடியில் மாவு மாதிரி தூளும் தெரிந்தால் உளுக்கத் தொடங்கிவிட்டது. பலா, பூவரசு இரண்டும் நல்ல மரங்கள், கடையில் பலகையாகக் கிடைப்பதுதான் அரிது. உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூர்ப் பக்கமிருந்து வருகிற ஷீஷம் பலகை கனமானது, உழைப்பானது, கொஞ்சம் கூடுதல் கடினம். 'அகேசியா' என்பது ஒரு மரத்தின் பெயரே அல்ல, பல மரங்கள் அடங்கிய ஒரு பேரினத்துக்கான பொதுப்பெயர். அந்த லேபிளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, முனையைத்தான் பார்க்க வேண்டும்.

வேப்பம்பலகை கிருமியைக் கொல்லும் என்று சொல்லியே விற்கிறார்கள். அதை நம்பிக் கழுவாமல் விட்டுவிடாதீர்கள். மரமாக அது நல்ல மரமே. முதல் சில வாரம் ஒரு கசப்பு வாசனை இருக்கும், ஆப்பிள் நறுக்கினால் தெரியும். ரப்பர் மரத்தில் மரச்சாமான் செய்வதற்கு வண்டு வராமல் போரிக் அமிலம், போராக்ஸ் கரைசலை ஏற்றுவது வழக்கம். அந்தத் துண்டை வாங்கி நீங்களே பலகை செய்ய வேண்டாம். விறகுக் கடையில் கிடைத்த பெயர் தெரியாத கட்டையும் வேண்டாம். எட்டி, அரளி, தில்லை எல்லாம் அந்தக் குவியலில் வரக்கூடிய நச்சு மரங்கள்.

அளவுக்கு ஒரு வழி: உங்கள் கத்தியின் அலகு நீளத்தோடு 10 செ.மீ. கூட்டினால் வருவது குறைந்தபட்ச அகலம். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 40 × 30 செ.மீ., தடிமன் 2.5 செ.மீ. சரியாக இருக்கும். அந்த அளவில் தேக்குப் பலகை சுமார் 2 கிலோ. அதுவே எண்ட் கிரெய்னில் 4 செ.மீ. தடிமன் என்றால் 3 கிலோவைத் தாண்டும். தினம் இரண்டு வேளை அதைத் தூக்கிக் கழுவப் போவது யார் என்பதையும் யோசித்து வாங்குங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் பலகை சாய்ந்தாவது போக வேண்டும். போகாத பலகையைச் சரியாகக் கழுவ மாட்டோம். அடியில் ரப்பர் கால் வைத்தவை வழுக்காது, ஆனால் ஒரு பக்கம்தான் பயன்படும். கால் இல்லாததை வாங்கி, கீழே நனைத்துப் பிழிந்த துணி ஒன்றை விரித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும்.

கடையில் செய்துபார்க்கக் கூடிய சோதனைகள் எளியவை. கண்ணாடி மேசையிலோ கிரானைட்டிலோ வைத்து எதிரெதிர் மூலைகளை விரலால் அழுத்துங்கள். டக் டக் என்று ஆடினால் ஏற்கெனவே முறுக்கிவிட்டது. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். பழுப்புச் சாயம் ஒட்டினால் வெளிறிய மரத்துக்குச் சாயம் பூசித் தேக்காக்கியிருக்கிறார்கள். மேலே இருக்கும் ரேகை ஓரத்தில் திரும்பி முனையிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடராமல் சட்டென்று வெட்டுப்பட்டால், உள்ளே தூள்பலகையும் மேலே மெல்லிய மரத்தோலுமாக இருக்கலாம். கண்ணாடிபோல் பளபளத்தால் அது வார்னிஷ். கத்தி பட்டதும் செதில் செதிலாக உரிந்து பொரியலுக்குள் போகும். கணு இருக்கும் இடத்தை நகத்தால் தட்டுங்கள், தளர்ந்திருந்தால் பின்னால் பெயர்ந்து வரும்.

ஆசாரியிடம் சொல்லிச் செய்வதாக இருந்தால் இப்படிக் கேளுங்கள்: வைரம் பாய்ந்த தேக்கு, 4 செ.மீ. பட்டைகள், முனையில் வளையக் கோடு நின்றவாக்கில், தண்ணீர் தாங்கும் மரப்பசை, ஆணி கூடாது, கடைசியில் 220 நம்பர் உப்புத்தாள். பாலிஷ் வேண்டாம் என்பதை முதலிலேயே இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். பாலிஷ் போடாமல் ஒரு வேலையை ஒப்படைப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல், சொல்லாவிட்டால் போட்டுவிடுவார். சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டினால் ஈரத்தில் இளகிவிடும். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் பழைய பர்மா தேக்கு கிடைத்தால் பதம் வந்த நல்ல மரம்தான், ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பெயின்ட் அடிக்காத உத்திரம், கைமரம் போன்றவற்றிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

பலகை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை எண்ணெய். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எதுவும் வேண்டாம். அவை மரத்துக்குள் காயாமல் கிடந்து சிக்கு வாடை அடிக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். மருந்துக் கடையில் 'லிக்விட் பாரஃபின் ஐ.பி.' என்று கேட்டு வாங்குங்கள். மலமிளக்கியாகக் கொடுக்கிற அதே எண்ணெய்தான், கெடாது, மணக்காது. மெக்னீசியா கலந்த வெள்ளை மருந்தைத் தந்துவிடப் போகிறார்கள், நிறமில்லாத தெளிந்த எண்ணெய்தானா என்று பார்த்து வாங்குங்கள். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது சமையலறைக்கு ஆகாது.

நன்றாகக் காய்ந்த பலகையில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, இரண்டு முகம், நான்கு ஓரம் எல்லா இடமும் துணியால் தேயுங்கள். முனைகளுக்கு மட்டும் இரண்டு தடவை. இரவு முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். முதல் வாரத்தில் இப்படி மூன்று நான்கு முறை. 40 × 30 செ.மீ. பட்டைப் பலகைக்கு மொத்தம் 50 மி.லி. அளவில் போகும், எண்ட் கிரெய்ன் அதைப்போல இரண்டு மடங்கு குடிக்கும். பிறகு மாதம் ஒருமுறை. எப்போது போடுவது என்று சந்தேகம் வந்தால் நான்கு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள்: முத்தாக நின்றால் தேவையில்லை, பரவி மரம் கறுத்தால் போடுங்கள். எண்ணெய்க்கு மேல் ஒரு மெழுகுக் காப்பு வேண்டுமானால், தேன்மெழுகு ஒரு பங்குக்கு இதே எண்ணெய் நான்கு பங்கு எடை, கொதிக்கும் நீருக்குள் கிண்ணம் வைத்து உருக்கி ஆறவைத்துப் பூசலாம்.

கழுவும்போது சோப்பு போடலாம், பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் அழுக்கானாலும் இரண்டு பக்கமும் நனையுங்கள். உடனே துணியால் துடைத்து, நீளமான ஓரத்தில் நிற்கவையுங்கள். குறுகிய முனையில் நிறுத்தினால் வடிகிற தண்ணீர் முழுவதும் நார்வாய் வழியாக மேலே ஏறும். கண்ணெதிரே தெரியாத தவறு இது. விரிசல் எப்போதும் முனையில் தொடங்குவதற்குப் பெரிய காரணமும் இது. சுவரிலிருந்து விரலிடை இருக்கட்டும், ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிப்பது சுவரை ஒட்டிய பக்கத்தில்தான். தொட்டியில் ஊறவைக்கக் கூடாது, டிஷ்வாஷர் கூடாது, நடுவெயில் கூடாது. தேங்காய் உடைக்கவும் அம்மிக்குப் பதிலாக இஞ்சி நசுக்கவும் கூடாது.

மஞ்சள் கறையைச் சோடா மாவோ சோப்போ போட்டுத் தேய்த்தால் சட்டென்று செந்நிறமாக மாறும். பயந்துபோய் இன்னும் தேய்ப்பார்கள். காரம் பட்டால் மஞ்சளின் இயல்பு அது. எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். உண்மையில் அதை வெளுப்பது வெளிச்சம். காலை இளவெயிலில் ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பி வைத்தால், இரண்டு மூன்று நாளில் மங்கிவிடும். ஈரப்பலகையில் இரும்புக் கத்தியை வைத்துவிட்டுப் போனால் மையிட்ட மாதிரி கறுப்புத் தடம் விழும். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறை அது, எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போகும். வாழைப்பூ, பலாக்காய் நறுக்கும் நாளில் பலகையிலும் கையிலும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது.

மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் உணவு நுண்ணுயிரியலாளர் டீன் கிளைவரும் அவரது குழுவினரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வுகளில், மரத்தில் விட்ட பாக்டீரியா உள்ளே உறிஞ்சப்பட்டு மேற்பரப்புக்குத் திரும்பாமல் அடங்குவதையும், கத்திக் கோடு விழுந்த பழைய பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினம் என்பதையும் காட்டினார்கள். அதற்காகக் கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கலாம் என்று பொருளில்லை. கறி, மீனுக்குத் தனிப்பலகை வேண்டும். அதைச் சோப்பால் கழுவிய பிறகு, வாசனை சேர்க்காத வீட்டுப் பிளீச் 4 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து சில நிமிடம் படவிட்டு அலசினால் போதும்.

கோடுகள் ஆழமானால் 80, 120, 220 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் எழும்பிய நாரை மறுபடி 220-ஆல் தேய்த்து எண்ணெய் போடுங்கள். பலகை புதிதாகிவிடும். முனையில் மயிரிழை விரிசல் என்றால் தண்ணீர் தாங்கும் பசை செலுத்தி இறுக்கிக் கட்டலாம். குறுக்கே ஓடி, காய்த்துணுக்கு உள்ளே போய் உட்காரும் அளவு விரிசலானால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

உங்கள் ஆடும் பலகையை உடனே தூக்கிப்போடாதீர்கள். குழிந்த பக்கம் எது என்று ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். அதுதான் அதிகம் காய்ந்த பக்கம். தரையில் ஈரத்துணியை விரித்து, குழிந்த பக்கம் துணியில் படும்படி கவிழ்த்து, மேலே தண்ணீர்க் குடமோ அம்மிக் குழவியோ வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் நேரானதும், இல்லை எதிர்ப்பக்கம் மிகச் சிறிது வளைந்ததும், எடுத்து நிழலில் நிறுத்தி இரண்டு நாள் காயவிட்டு, எல்லாப் பக்கமும் எண்ணெய் போடுங்கள். ஒருமுறையில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை செய்யலாம். 2 மி.மீ.க்குள் ஆட்டம் மிஞ்சினால் அடியில் விரிக்கும் ஈரத்துணியே அதை விழுங்கிவிடும்.